வாடாத பீன்ஸ்

ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே, நறுக்கிய காய்கறிகளைப் பையில் அடைத்து நகரங்களுக்கு அனுப்பும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோற்றார்கள்.

தோற்றவர்களுக்கு உடனே பசி எடுப்பதில்லை. முதலில் ஒரு துரோகி தேவைப்படுகிறான்.

அவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. காய் நறுக்கும் இயந்திரத்தின் கத்திக்கு மூடி கிடையாது. செபஸ்தியம்மாள் என்ற பெண்ணின் இரண்டு விரல்கள் அதில் போயின. விரல் போனவளை ஆலை வீட்டுக்கு அனுப்பியது. கத்திக்கு மூடி போடு, செபஸ்திக்கு வேலை கொடு என்று கேட்டு வெளியே வந்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக வாயிலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மூடியும் இல்லாமல், செபஸ்தியும் இல்லாமல் உள்ளே போனார்கள். போன அன்று மேலாளர் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல் மாசிலாமணி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லூர்தம்மாளைப் பார்க்க வந்தார்.

மாசிலாமணி அந்த ஆலையில் பைகளுக்கு வாய் ஒட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர். சங்கத்தின் செயலாளர். லூர்தம்மாள் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர். தொடங்கியதற்காகவே ஆலையிலிருந்து முன்பே துரத்தப்பட்டவர். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வயதில் மாசிலாமணியைவிட இளையவர். ஆனாலும் மாசிலாமணி ஒரு துண்டறிக்கையை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அவரிடம்தான். ஏன் என்று கேட்கக் கற்றதும் அவரிடம்தான்.

"உக்காருங்கண்ணே," என்றார் லூர்தம்மாள்.

"உக்கார வரல தோழர்."

"நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் ஜெயிச்சிருவோமா? உக்காருங்க."

மாசிலாமணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சு."

"எந்த ஆளு?"

"கருங்காலி. நாம எல்லாம் வெளிய கெடக்கும்போது உள்ள போயி வேலை பாத்த ஆளு."

லூர்தம்மாள் ஊசியில் நூல் கோத்தார்.

"ராக்கு," என்றார் மாசிலாமணி. "வாழைத்தண்டு நறுக்குற ராக்கம்மா. அவ வீடு ஆலைக்குப் பின்சுவரை ஒட்டித்தான் இருக்கு. நடுவுல ரெண்டு மூணு நாள் கேட்டுப் பக்கமே ஆளக் காணோம். காய்ச்சலாம். நமக்கெல்லாம் வராத காய்ச்சல் அவளுக்கு மட்டும் வந்துச்சாம்."

"சுவரேறிப் போனதப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? தெனமும் காலையில போலீஸ் காவலோட லாரி போச்சா இல்லியா?"

"போச்சு."

"லாரியில நறுக்குன காய் போச்சா, முழுக் காய் போச்சா?"

"நறுக்குன காய்."

"நறுக்குறவங்க அத்தனை பேரும் வெளிய. அப்ப உள்ள நறுக்குனது யாரு? பேயா பிசாசா?"

"நல்ல கேள்வி," என்றார் லூர்தம்மாள்.

"கேள்வியெல்லாம் முடிஞ்சு போச்சு தோழர். சாயங்காலம் சங்கு ஊதுனதும் மொத்த சனமும் அவ வீட்டுக்குப் போகுது. வாசல் நெலையில விளக்குமாத்தக் கட்டுறோம். இனிமே அவகூட யாரும் பேசக் கூடாது. பைப்புல தண்ணி பிடிக்க விடக் கூடாது. அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கா. மாப்ள வீட்டுக்கும் ஆள் போகும், இவ எப்படிப்பட்டவன்னு சொல்ல. ஊரை விட்டே ஓடணும்."

"கல்யாணம் நிக்குமே."

"நிக்கட்டும். செபஸ்தி வெரலு போயிருச்சே, அது வருமா?"

லூர்தம்மாளின் ஊசி சட்டைக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றார் மாசிலாமணி. "ஒண்ணு ரெண்டு பேரு தயங்குறாங்க. தோழர் சொல்லிட்டாங்கன்னா வாயத் தெறக்க மாட்டாங்க."

"ராக்கு என்ன சொல்றா?"

"அழுவுறா. கருங்காலி அழுவாம சிரிப்பாளா?"

"எப்பவும் எங்கிட்ட ஒரு கேள்வியோட வருவீங்கண்ணே. இன்னிக்குத் தீர்ப்போட வந்திருக்கீங்க."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தரையில் கிடந்த துணித் துண்டு ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"சரி. கேள்வியாவே கேக்குறேன். நம்மளத் தோக்கடிச்சது யாரு?"

லூர்தம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை மடித்து வைத்தார்.

"வாங்க, கடைக்குப் போயிட்டு வருவோம்."

"எந்தக் கடைக்கு?"

"உங்க பையை விக்கிற கடைக்கு."

மெஷினில் உட்கார்ந்திருந்த தையற்காரர் தலையைத் தூக்கினார். "லூர்து, அந்தக் காஜா?"

"வந்து எடுக்குறேன் பாய். சட்டை ஓடிப் போகாது."

"சட்டைக்காரன் ஓடி வருவானே."

"வந்தா உக்கார வைங்க. புரட்சி பத்திப் பேசிக்கிட்டு இருங்க."

கடைவீதியின் முனையில் அந்தக் கடை இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். மாசிலாமணி வாசலில் நின்றுவிட்டார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பைகளுக்கு வாய் ஒட்டுபவர் அந்தப் பைகள் விற்கும் கடைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை.

"செருப்பக் கழட்டணுமா தோழர்?"

"கோயில் இல்லண்ணே. இங்க உண்டியல் மட்டுந்தான். வாங்க."

குளிர்ப்பெட்டியில் பைகள் அடுக்கியிருந்தன. நறுக்கிய பீன்ஸ், நறுக்கிய கேரட், அவியலுக்குக் கலந்து வைத்த காய், வட்டமாக அரிந்த வாழைத்தண்டு. எல்லாம் ஈரம் மின்ன, அப்போதுதான் அரிவாள்மணையிலிருந்து விழுந்தவை போல் இருந்தன. லூர்தம்மாள் ஒரு பீன்ஸ் பையை எடுத்தார்.

கடைப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது பழைய சரக்கு. ஸ்டிரைக்குன்னாங்கள்ல, அப்ப வந்தது. புதுசு நாளைக்குத்தான் வரும்."

"கெட்டுப் போச்சா?"

"சேச்சே. ஸ்டிரைக் பூரா இதத்தான வித்தோம். ஒரு ஆளு கொறை சொல்லல."

லூர்தம்மாள் பையை மாசிலாமணியிடம் கொடுத்தார். அவர் அதைத் திருப்பினார். பெருவிரல் தானாகவே பையின் வாயை ஒட்டிய கோட்டின் மேல் ஓடியது. ஓர் இடத்தில் நின்றது.

"இது நம்ம மெஷினு," என்றார். "தாடையில ஒரு பல்லு உடஞ்சிருக்கு. இந்தா, இந்த எடத்துல மட்டும் கோடு மழுங்கலா விழும். மாத்தித் தாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், மாத்தல. ஆனா ஒழுகாது. நான் ஓட்டுனா ஒழுகாது."

அந்த ஒரு கணம் அவர் முகத்தில் தோல்வி இல்லை.

பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பை நடுவில் இருந்தது. பழனி பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். காலையில வீட்டுல நறுக்குன பீன்ஸு சாயங்காலம் சுருண்டு போகுது. இது எப்படி இத்தனை நாளாகியும் சுருளல?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"நான் இருந்தப்ப வெறும் கவர். இப்ப புதுசு என்னமோ போடுறீங்களே. சொல்லுங்க."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லத் தெரிந்ததைச் சொல்வதில் மனிதனுக்கு எப்போதும் ஒரு சுகம் உண்டு.

"காய அறுத்துட்டா செத்துப் போச்சுன்னு நெனைக்கிறோம். சாகல. அறுத்த பெறகும் அது மூச்சு விடும். அறுக்காததவிட வேகமா விடும், காயம்பட்ட ஆளு மாதிரி. மூச்சு விட்டு விட்டே தன்னத்தானே தின்னு தீத்துரும். அதான் வாடுறது. அதனால மொதல்ல குளோரின் தண்ணியில கழுவுறோம், டிரம்முல சுத்தி ஈரத்த எடுக்குறோம். அப்புறம் பையில இருக்குற காத்த உறிஞ்சிட்டு நைட்ரஜன் ஊதுறோம். மூச்சு கொறஞ்சிரும்."

"மூச்சே இல்லாமப் பண்ணிட்டா இன்னும் நாள் தாங்குமே?"

"அதான் இல்ல. சுத்தமா அடச்சா உள்ளயே புளிச்சு, பை வயிறு ஊதி, தெறந்தா நாறும். அதனால பையோட பிலிம்லயே ஓட்டை. கண்ணுக்குத் தெரியாது. பீன்ஸுக்கு ஒரு பிலிமு, காலிபிளவருக்கு வேற பிலிமு. சாகவும் விடாது, நல்லா மூச்சு விடவும் விடாது. அதோட குளிர் ரூமுல போட்டுட்டா, அது பாட்டுக்குத் தூங்கும்."

"நம்மள மாதிரி."

மாசிலாமணி சிரித்தார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எத்தனை நாள் தூங்கும்?"

"ஒழுங்கா ஒட்டியிருந்தா பத்து நாளைக்குப் பயமில்ல. அதுக்கு மேலயும் தாங்கும்."

லூர்தம்மாள் தலையசைத்தார். பையை இன்னும் பிரிக்கவில்லை.

"ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்த பெறகு ஆலையில என்னண்ணே நடந்துச்சு? நான் வெளிய இருந்தேன். எனக்குத் தெரியாது."

"என்ன நடந்துச்சு? வேலதான் நடந்துச்சு. கடைசி மூணு நாலு நாளு லாரி லாரியா காய் வந்து எறங்குச்சு. மார்க்கெட்டுல வெல சரிஞ்சிருச்சுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் வாங்கிப் போட்டாங்க போல. ஆலை முத்தம் பூரா பீன்ஸு. மூட்டைக்கு நடுவுல நடக்க எடமில்ல."

"ம்."

"கடைசி நாளு பாருங்க, சங்கு ஊதியாச்சு. மறுநாள் ஸ்டிரைக்கு. வெளிய வந்திருக்கலாம். ஆனா பாதிக் காய் நறுக்காமக் கெடக்கு, நறுக்குனது கழுவாமக் கெடக்கு. அப்படியே விட்டா விடிஞ்சா அழுகல்தான். பாச்சலூர்க்காரன் மலையிலருந்து தலையில சொமந்து கொண்டாந்த காயி. பொம்பளைங்க ஒத்துக்கல. அன்னத்தப் பாழாக்கிட்டு நியாயம் கேக்கப் போனா நியாயம் கெடைக்குமான்னு கேட்டாங்க. யாரும் சொல்லல தோழர். மேனேஜர் பக்கத்துலயே வரல. நாங்களாத்தான் இருந்தோம். அத்தனையும் நறுக்கி, கழுவி, அடச்சு, ஒட்டி, குளிர் ரூமுல அடுக்கிட்டு, தரையக் கழுவி விட்டுட்டு வெளிய வந்தோம்."

"ராக்கு இருந்தாளா?"

"இருந்தா. கடைசியாத் தண்டு நறுக்கி முடிச்சதே அவதான்." சொல்லிவிட்டு மாசிலாமணி சற்று நிறுத்தினார். பிறகு பெருமையோடு முடித்தார். "அன்னிக்கு ஒட்டுன பையில ஒண்ணு, ஒரே ஒண்ணு கூட ஒழுகல. முதலாளி திருடனா இருக்கலாம். தொழிலாளி அப்படி இல்லன்னு காட்டிட்டுத்தான் வந்தோம்."

லூர்தம்மாள் பையைக் கிழித்தார். ஒரு துண்டு பீன்ஸை எடுத்து மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒடிங்க."

மாசிலாமணி ஒடித்தார். மடக்கென்று சத்தம் கேட்டது. ஒடிந்த இடத்தில் ஈரம் கசிந்தது.

பழனி பேருந்து கிளம்பிப் போனது. நடத்துநரின் விசில் நெடுநேரம் கேட்டது.

மாசிலாமணி கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தார். பையைப் பார்த்தார். உடைந்த பல்லின் தடத்தைப் பார்த்தார்.

"லாரியில போனது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

லூர்தம்மாளும் முடித்து வைக்கவில்லை.

"அப்ப உள்ள யாருமே போகல," என்றார் மாசிலாமணி.

"போக வேண்டிய அவசியம் இல்லியே."

வாயிலில் வெயிலில் கிடந்த நாட்கள் மாசிலாமணிக்குள் திரும்ப ஓடியிருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் லாரி வெளியே வந்தபோது அவர்கள் எழுந்து நின்று முழக்கம் போட்டார்கள். தொண்டை கிழியப் போட்டார்கள். லாரிக்குள் அவர்கள் கையால் நறுக்கியது, அவர்கள் கையால் ஒட்டியது, வாடாமல் போய்க்கொண்டிருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது.

"அப்ப அழுக விட்டுட்டு வந்திருக்கணும்கிறீங்களா? காய் தோழர் அது! கல்லு மண்ணு இல்ல. ஒரு வெவசாயி வேர்வை. அத நாற விட்டுட்டு வந்து செவப்புக் கொடி பிடிக்கச் சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"அப்ப நாங்க செஞ்சது சரியா?"

லூர்தம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"நல்லா இருக்கு."

"நக்கல் பண்ணாதீங்க."

"நக்கல் இல்லண்ணே. நெசமாவே நல்லா இருக்கு. இந்த மாதிரி பீன்ஸ நான் சாப்பிட்டதில்ல."

மாசிலாமணி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். வெற்றிலைக்காரி ஒருத்தி வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு முடியலியா?" என்று கேட்டாள். லூர்தம்மாள் இல்லை என்று கையசைத்தார்.

"கொஞ்ச நேரத்துல சங்கு ஊதிரும்," என்றார் மாசிலாமணி. "சனம் கெளம்பிரும். இதப் போயி எப்படிச் சொல்லுவேன்? அவங்களுக்கு ஒரு பேரு வேணும் தோழர்."

"ராக்கு வாசலுக்கு எத்தனை விளக்குமாறு எடுத்து வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"பத்தாதே."

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இதச் சொன்னா நம்ப மாட்டாங்கல்ல?"

"நம்புவாங்க. பையக் காட்டுனா உடனே நம்புவாங்க. அத்தனையும் அவங்க கை நறுக்குனதுதான. கை பொய் சொல்லாது."

"அப்ப சரியாப் போயிரும்."

"போகாது. நம்பிட்டு, அதுக்கப்புறமும் ராக்கு வீட்டுக்குத்தான் போவாங்க."

"ஏன்?"

"எங்கயாச்சும் போகணும்ல, அண்ணே. மேனேஜர் வீடு தூரம்."

மாசிலாமணி எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நான் முந்திப் போயி அவ வாசல்ல உக்காந்துக்கிறேன். கட்டுறவங்க மொதல்ல என் கழுத்துல கட்டட்டும். சொல்ல வேண்டியத அங்க வச்சே சொல்லுறேன்."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும். நாந்தான ஒட்டுனேன்."

"போங்க," என்றார் லூர்தம்மாள். தடுக்கவில்லை. நல்லது நடக்கும் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் அவரிடமிருந்து எப்போதோ போய்விட்டது.

மாசிலாமணி இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார். பெஞ்சில் கிடந்த பையைக் காட்டுவதற்காகக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க தோழர். மூடி இன்னும் போடல. இன்னொரு செபஸ்தி வருவா. இன்னொரு ஸ்டிரைக் வரும். அன்னிக்கு இப்படி ஏமாற மாட்டோம்ல? இனிமே நமக்குத் தெரியும்ல?"

கேட்டுக்கொண்டே அவர் கிழிந்த பையை இரண்டு கைகளாலும் மெல்ல அமுக்கி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். வாயை ஒரு மடிப்பு மடித்தார். மடிப்பின் மேல் பெருவிரலை அழுத்தி ஓட்டினார். இன்னொரு மடிப்பு மடித்தார். வெயில் படாமல் தோள் துண்டால் பையைச் சுற்றினார்.

லூர்தம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் நீங்க எல்லாத்தையும் அடச்சு, ஒட்டி, அடுக்கி வச்சுட்டுத்தான் வெளிய வருவீங்கண்ணே," என்றார். "லாரி அதுக்கு முந்தியே வந்து நிக்கும்."